பதின்மூன்றாவது லைன்

எண்பதுகளின் தொடக்கத்தில் நடந்தது இது. சிங்கப்பூரில் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்குவதற்குச் சில வருடங்கள் முன்பு. நான் பூன் லேயில் அம்மா அப்பாவோடு இருந்தேன். பாலிடெக்னிக்கும் ராணுவ சேவையும் முடித்த கையோடு ஜூரோங்கில் ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனத்தின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை கிடைத்தது. வீட்டிலிருந்து ஒரே பஸ். வெளியே வெயில் கொளுத்தும். கம்ப்யூட்டர் அறைக்குள் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்போம். கப்பலில் வரும் சாமான்களின் கணக்கையெல்லாம் ஒரே ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொண்டது. இரண்டு அலமாரி அளவு இருக்கும். அதிலிருந்து திரையும் கீபோர்டும் கொண்ட பன்னிரண்டு டெர்மினல்களுக்கு லைன் போகும். பச்சைக் கோடு போட்ட தாளில் பிரிண்டர் தடதடவென்று அடித்துத் தள்ளும் சத்தம், பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டி வாங்கி வரும் கோப்பி, இவை இரண்டையும் நினைத்தாலே எனக்கு அந்த வயது திரும்பி வந்துவிடும்.

எங்கள் பிரிவில் புரோகிராம் எழுதுகிறவர்கள் இரண்டே பேர். ஒருவன் நான். இன்னொருவர் என்னைவிட ஐந்தாறு வயது மூத்த ஒரு பெண். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். உட்லண்ட்ஸிலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். கழுத்தில் மெல்லிய சங்கிலியில் சின்னச் சிலுவை தொங்கும். பள்ளிக்கூடம் முடித்ததும் டேட்டா என்ட்ரிக்கு வந்து சேர்ந்தவர், கையேடுகளைத் தானே படித்துப் புரோகிராமர் ஆனவர். இரண்டரை மணிக்கு லாரிகள் வரிசை கட்டும்போது எந்த லாரியில் எந்தச் சாமான் ஏற வேண்டும் என்ற பட்டியலை அடித்துத் தரும் புரோகிராம் அவர் எழுதியது. எனக்கோ கையில் டிப்ளமா, அதைவிடப் பெரிதாகத் தலையில் கனம்.

நான் சேர்ந்து ஏழெட்டு மாதம் ஆகியிருக்கும். ஒரு திங்கட்கிழமையிலிருந்து மதியம் ஆனால் கம்ப்யூட்டர் படுத்துவிட ஆரம்பித்தது. ஒரு எழுத்து தட்டினால் அது திரையில் வர அரை நிமிடம். பன்னிரண்டு டெர்மினலும் அப்படியே நிற்கும். வாசலில் லாரி டிரைவர்கள் ஹாரன் அடிப்பார்கள். இரண்டு வாரம் இப்படியே போனது. எங்கள் மேனேஜர் ஒரு சீனர், அமைதியானவர், அவருக்கே பொறுமை போய்விட்டது. எங்கள் இருவரையும் கூப்பிட்டு என்னதான் காரணம் என்று கேட்டார்.

நான் யோசிக்கவே இல்லை. "இரண்டரைக்கு அக்காவின் புரோகிராம் ஓடுகிறது, இரண்டரைக்கு மெஷின் படுக்கிறது" என்று ஆங்கிலத்தில் ஜம்மென்று சொன்னேன். புரோகிராம் திறமையாக எழுதப்படவில்லை என்றும் சேர்த்துக்கொண்டேன். அந்தப் புரோகிராமை ஒரு தடவைகூட நான் திறந்து பார்த்ததில்லை.

அக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். எங்கள் மெஷினின் முன்பக்கத்தில் வரிசையாகச் சின்ன விளக்குகள் இருந்தன. அதில் ஒன்றின் கீழே கெர்னல் என்றும், இன்னொன்றின் கீழே யூசர் என்றும் எழுதியிருக்கும். நாம் எழுதிய புரோகிராமின் வேலையைச் செய்யும்போது ப்ராசசர் யூசர் நிலையில் இருக்கும். டிஸ்க்கைத் தொட வேண்டும், டெர்மினலிலிருந்து ஒரு எழுத்து வந்துவிட்டது என்றால் மெஷினின் உள்வேலைகளுக்கான கெர்னல் நிலைக்குள் போய், அந்த வேலையை முடித்துவிட்டுத் திரும்பி வரும். மெஷின் படுக்கும்போது யூசர் விளக்கு மங்கிப்போய், கெர்னல் விளக்கு மட்டும் எரிகிறது என்றார் அக்கா.

"மெஷின் சும்மா இருந்தாலும் அந்த விளக்குதான் எரியும். விளக்கைப் பார்த்துச் சொல்ல இது என்ன டிராஃபிக் லைட்டா?" என்றேன் நான். மேனேஜர் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன்.

மறுநாளே அந்தப் புரோகிராம் நிறுத்தப்பட்டது. பட்டியலை இரண்டு கிளார்க்குகள் கையால் எழுதினார்கள். புரோகிராம் வேலை குறைந்துவிட்டதால் அக்காவை டேட்டா என்ட்ரி வரிசைக்கே திருப்பி அனுப்பிவிட்டார் மேனேஜர். சில வருடங்களுக்கு முன்னால் அவர் எந்த வரிசையிலிருந்து எழுந்து வந்தாரோ அதே வரிசை. அவர் தன் தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தார்.

அன்றைக்கு மதியமும் மெஷின் படுத்தது.

மேனேஜர் கதவைத் திறந்து என்னைப் பார்த்த பார்வையில் எனக்கு ஸ்வெட்டருக்குள் வியர்த்தது. புதன்கிழமையும் அதே கதை. நான் மெஷின் முன்னால் விழித்துக்கொண்டு நிற்கும்போது, டேப் ஒன்றைக் கொடுக்க அக்கா உள்ளே வந்தார். விளக்குகளைப் பார்த்தார்.

"என் புரோகிராம்தான் இல்லயே, இப்ப ஏன் நிக்குது?" என்றார்.

நான் விளக்குகளின் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

"மெஷின் சும்மா இருந்தாலும் கெர்னல் விளக்கு எரியும்னு சொன்னீங்க. சரி லா. சும்மா இருக்கிற மெஷின்ல பன்னெண்டு டெர்மினலும் ஏன் சாவுது? உள்ள என்னமோ வேலை நடக்குது. எதுக்கு உள்ள போகுதுன்னு எண்ணிப் பாருங்க. எனக்கு அந்தப் பக்கம் கை வைக்க பர்மிஷன் இல்ல. உங்களுக்கு இருக்கு."

டேப்பை மேஜைமேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே போய்விட்டேன். யூசரிலிருந்து கெர்னலுக்குள் ப்ராசசர் நுழையும் இடத்தில் சில வரிகளைச் சேர்த்தேன். ஒவ்வொரு முறை நுழையும்போதும் எதற்காக நுழைந்தது என்று பார்த்து, அந்தக் காரணத்துக்கு நேராக ஒன்று கூட்டும். கடிகாரம், டிஸ்க், பிரிண்டர், ஒவ்வொரு புரோகிராமும் கேட்கும் உதவி, ஒவ்வொரு டெர்மினல் லைனும் தனித்தனியாக. அக்காவின் புரோகிராமையும் அன்று நானே ஓடவிட்டேன், கையும் களவுமாகப் பிடிக்கலாம் என்ற நப்பாசை அப்போதும் போகவில்லை. இரண்டரை மணிக்கு வழக்கம்போல மெஷின் படுத்தது. அது கொஞ்சம் மூச்சுவிட்டதும் கணக்கைத் தாளில் அடித்து எடுத்தேன்.

அக்காவின் புரோகிராமுக்கு நேரே இருந்த எண் மிகச் சிறியது. டிஸ்க், பிரிண்டர் எல்லாம் சாதாரணம். ஒரே ஒரு வரியில் மட்டும் எண் தாளின் ஓரம்வரை நீண்டிருந்தது. பதின்மூன்றாவது லைன்.

எங்களிடம் இருந்ததே பன்னிரண்டு டெர்மினல்.

பிறகு ஞாபகம் வந்தது. கிடங்கின் கடைசியில் புதிதாக ஒரு டெர்மினல் வைக்கப் போகிறோம் என்று மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை நான்தான் கேபிள் இழுத்தேன். டெர்மினல் வந்து சேரவில்லை. வந்ததும் வேலை சுலபமாகட்டுமே என்று லைனை மட்டும் முன்கூட்டியே திறந்துவிட்டிருந்தேன். அடுத்த திங்கள்தான் மெஷின் முதன்முதலாகப் படுத்தது. அந்தத் திங்களையும் இந்தச் சனியையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை.

வெள்ளிக்கிழமை கிடங்குக்குப் போனேன். நான் ஆணியில் மாட்டிவிட்டு வந்த கேபிள் நுனி அப்படியே தொங்கியது. பக்கத்திலேயே சுவரை ஒட்டி கிரேனுக்கு மின்சாரம் போகும் கேபிள். மதியம் லாரி வந்து கிரேன் ஓடும்போதெல்லாம் அதன் இரைச்சல் என் கேபிளுக்குள் ஏறிக் குப்பை எழுத்துகளாக மெஷினுக்குப் போயிருக்கிறது. யாரோ டெர்மினலில் தட்டுகிறார்கள் என்று நினைத்து, ஒவ்வொரு எழுத்துக்கும் ப்ராசசர் கையில் இருந்த வேலையைப் போட்டுவிட்டுக் கெர்னலுக்குள் ஓடி, பதில் அனுப்பித் திரும்பியிருக்கிறது. திரும்புவதற்குள் அடுத்த எழுத்து. பாவம், மற்ற பன்னிரண்டு பேருக்கு அதற்கு நேரமே கிடைக்கவில்லை.

லைனை மூடினேன். அன்று மதியம் மெஷின் பறந்தது.

மேனேஜர் வந்து என் தோளில் தட்டினார். என்ன பிரச்சினை என்று கேட்டார். "கேபிள் கோளாறு. சரி செய்துவிட்டேன்" என்றேன். பொய் இல்லை. ஆனால் யாருடைய கேபிள் என்று சொல்லவில்லை. அக்காவின் புரோகிராமைத் திரும்பப் போடலாமா என்று கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் அடுத்த கேள்வி வரும். வாயை மூடிக்கொண்டேன். இப்போதுதானே நன்றாக ஓடுகிறது, எதையும் மாற்ற வேண்டாம், அந்தப் பெண் டேட்டா என்ட்ரியிலேயே இருக்கட்டும் என்று மேனேஜர் சொல்லிவிட்டுப் போனார். கணக்குத் தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை அரை நாள் வேலை. மதியம் பஸ் பிடித்து, தமிழ்க் கடைகள் நிறைந்த தேக்காவுக்குப் போனேன். அம்மா மளிகைச் சாமான் வாங்கி வரச் சொல்லியிருந்தார். சிராங்கூன் ரோட்டில் கூட்டம் நெரித்தது. மல்லிகைப் பூ வாசனையும் மசாலா அரைக்கும் வாசனையும் கலந்து வந்தன. பூக்கடை முன்னால் யாரோ என்னைக் கூப்பிட்டார்கள். திரும்பினால் அக்கா. பக்கத்தில் அவர் கணவர், ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை.

கணவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். "நீங்கதானா அது? இவ உங்களப் பத்தி வீட்டுல சொல்லிருக்கா. புதுசா ஒருத்தர் சேந்திருக்காரு, நல்லா வேல தெரிஞ்சவருன்னு."

நான் அக்காவைப் பார்த்தேன். அவர் பூவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழந்தை என் சட்டையை இழுத்தாள். "அங்கிள், எங்க மம்மி கம்ப்யூட்டருக்கு புரோகிராம் எழுதுறாங்க, தெரியுமா? டீச்சர்கிட்ட நான் சொன்னேன். கிளாஸ்ல வேற யாரு மம்மியும் எழுதல."

"தெரியும்மா" என்றேன். வீட்டில் அவர் எதையும் சொல்லவில்லை என்பது அப்போதுதான் புரிந்தது. அக்கா என்னை ஒரு நொடி பார்த்தார். சொல்லிவிடாதீர்கள் என்று கேட்கிற பார்வை. தப்பு செய்தவன் நான், கெஞ்சுகிறவர் அவர். மளிகைச் சாமான் வாங்க மறந்து, வெறுங்கையோடு வீட்டுக்குப் போய் அம்மாவிடம் திட்டு வாங்கினேன்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் எனக்கு நானே சமாதானம் சொல்லிப் பார்த்தேன். வேலை போய்விடும், ஆறு மாதம் கழித்துச் சொல்லலாம், எப்படியும் நாளாக ஆக எல்லாம் சரியாகிவிடும். ஒன்றும் ஒட்டவில்லை.

திங்கட்கிழமை காலை மேனேஜர் அறைக்குப் போய் மடித்த தாளை அவர் மேஜையில் விரித்து வைத்தேன். ஒவ்வொரு வரியாக விளக்கினேன். பதின்மூன்றாவது லைன் யாருடையது என்றும் சொன்னேன். அவர் கத்தவில்லை. எப்போது தெரியும் என்று மட்டும் கேட்டார். வியாழக்கிழமையே என்றேன். தாளை மடித்து என்னிடமே திருப்பித் தந்தார். பிறகு, "நான்கூட அன்றைக்குச் சிரித்தேன்" என்றார். அந்தப் பெண்ணிடம் நீயே போய்ச் சொல், எல்லார் முன்னாலும் சொல் என்றார்.

டேட்டா என்ட்ரி அறையில் எட்டுப் பேர் இருந்தார்கள். கீபோர்டு சத்தம் ஒவ்வொன்றாக நின்றது. தமிழிலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றி, தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்து, மன்னிப்புக் கேட்டேன். அக்கா தாளை வாங்கினார். மன்னிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல் விரலால் வரிகளைத் தொட்டுக்கொண்டே கீழே இறங்கி, தன் புரோகிராமின் பெயரில் நிறுத்தினார்.

"பாத்தீங்களா, எவ்ளோ கம்மியா உள்ள போயிருக்கு. ஒவ்வொரு வரியா டிஸ்க்குல கேட்டா லேட்டாகும்னு, ஒரே தடவையில நெறய படிச்சு வச்சுக்கிற மாதிரி எழுதினேன். அதுக்கே மூணு மாசம் ஆச்சு." கண் கலங்கியிருந்தது. "இந்தப் பேப்பர நான் வச்சுக்கவா?"

தலையாட்டினேன்.

"எங்க வீட்டுல நான் இன்னும் சொல்லல. நல்லவேள லா, இனிமே சொல்லத் தேவையில்ல." அப்புறம் என்னை நேராகப் பார்த்து, "ஆனா சனிக்கெழம உங்களுக்குத் தெரிஞ்சிருக்கு. தெரிஞ்சுகிட்டே எம்பொண்ணுகிட்ட நின்னு பேசினீங்க" என்றார்.

அன்று மதியமே அவர் பழைய இருக்கைக்குத் திரும்பினார். என் வேலை போகவில்லை. ஆனால் ஒரு மாதத்துக்குமேல் அவர் என்னிடம் வேலை விஷயம் தவிர ஒரு வார்த்தை பேசவில்லை. பிறகு மெல்ல மெல்லப் பேச்சு வந்தது. ஒரு கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்குக் கூப்பிட்டுக் கோழிக் குழம்பு போட்டார். மன்னித்துவிட்டேன் என்று வாயால் சொன்னதில்லை, மன்னித்தீர்களா என்று நானும் கேட்டதில்லை. எண்பதுகளின் முடிவில் நான் வேறு வேலைக்குப் போனேன். அந்த நிறுவனமும் இன்று இல்லை.

அதற்குப் பிறகு முப்பது வருடத்துக்குமேல் கம்ப்யூட்டரோடுதான் பிழைத்தேன், இதைவிடப் பெரிய கோளாறுகளைக்கூட என் கையால் உண்டாக்கியிருக்கிறேன். அவையெல்லாம் மறந்துவிட்டன. உண்மை தெரிந்த பிறகும் நான் வாய் திறக்காமல் இருந்த அந்த நாலு நாளை மட்டும் இன்னும் மறக்க முடியவில்லை.