துக்கத்துக்கு ஒரு நாள்

அன்றைக்கு இருந்தவர்கள் ஏழு பேர். குடியிருப்போர் சங்கத் தலைவர் பேப்பர் ஸ்டோர் அண்ணாச்சி. அவருடைய கார் ஷெட்டில்தான் கூட்டம், தெருமுக்கில் பேனர் கட்டுவதற்கு விதி போட. செயலாளர், ரிட்டயர்டான கணக்கு வாத்தியார். டீக்கடைக்காரர். மாடி வீட்டு அக்கா. கட்சியின் வட்டச் செயலாளர். மருந்துக்கடைத் தம்பி, அவன் கடைசிவரை வாயே திறக்கவில்லை. ஏழாவது நான், அதே தெருவில் ஃப்ளெக்ஸ் கடை வைத்திருக்கிறவன். நோட்டில் ஏழு கையெழுத்து இருந்தது. கேட்டுக்கு வெளியே முத்துலட்சுமி நின்றுகொண்டிருந்தாள். வாடகைக்கு இருக்கிறவர்கள் சங்கத்தில் உறுப்பினர் கிடையாது, அதனால் அவள் கணக்கில் வரமாட்டாள்.

இது இன்று காலையில் நினைவுக்கு வரக் காரணம் ஒரு வாசம். தெருமுக்கில் இருபதடி பேனர் கட்டிக்கொண்டிருந்தார்கள். அண்ணாச்சியின் பேரனுக்குக் காதுகுத்து. புது ஃப்ளெக்ஸைப் பிரித்தால் மையும் பிளாஸ்டிக்கும் சூடேறிய மாதிரி ஒரு நெடி அடிக்கும். ரொம்பப் பேருக்குத் தலை வலிக்கும். அந்த பேனரை அடித்ததும் நான்தான், வேறு யார். பேனருக்கு எதிராகச் சங்கம் போட்டிருந்த விதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அதைத்தான் சொல்ல வந்தேன்.

பயம் என்னோடு கூடப் பிறந்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டுவிட்டு காலண்டர் பிரஸ்ஸில் சேர்ந்தேன். காலண்டருக்குத் தலையில் தகரப்பட்டி அடிக்கிற வேலை. தகரம் அடித்தோமா, கட்டினோமா என்று இல்லாமல், பிப்ரவரியில் முப்பதாம் தேதி அச்சாகியிருந்தால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்ப்பேன். "ஏலே, நீ தேதி பாக்கவா வந்த, தகரம் அடிக்க வந்தியா?" என்று மேஸ்திரி தலையில் தட்டுவார். பிறகு சொந்தமாக ஃப்ளெக்ஸ் கடை போட்டபோது பயமும் கூடவே வளர்ந்தது. மழைக்காற்று அடித்தால் தூக்கம் வராது. எந்த முக்கில் எந்தச் சவுக்குக் கம்பு சாய்ந்து யார் தலையில் விழுந்ததோ என்று இருக்கும். பேனரில் வருகிற பெயரை வாடிக்கையாளரிடம் மூன்று முறை வாசிக்கச் சொல்லிவிட்டுத்தான் மிஷினில் விடுவேன்.

எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் கண்ணீர் அஞ்சலி பேனர். உயிரோடு இருக்கிறவர்கள் போட்டோ கொண்டு வருவார்கள், இறந்தவர்களுக்குப் பெரும்பாலும் போட்டோவே இருக்காது. கருப்பசாமிக்கும் அப்படித்தான். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் வேலை பார்த்தவன், முத்துலட்சுமியின் புருசன். தீப்பிடித்து, மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் போய்விட்டான். கூட வேலை பார்த்தவர்கள் காசு போட்டு பேனர் ஆர்டர் கொடுத்தார்கள். இருந்த ஒரே நல்ல படம் கல்யாணப் படம். பக்கத்தில் நின்ற அவளைக் கம்ப்யூட்டரில் வெட்டி எடுத்தேன். அவன் தோளோரம் பச்சைச் சேலை கொஞ்சம் ஒட்டிக்கொண்டு நின்றது. அதை வெட்ட எனக்குக் கை வரவில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

பத்தடிக்கு எட்டடி. அடியில் 'பணியின்போது உயிர்நீத்த எங்கள் தோழனுக்கு' என்று எழுதி, கம்பெனிப் பெயரையும் போட்டு 'தொழிலாளர்கள்' என்று முடித்திருந்தேன். தெருமுக்கில் கட்டினார்கள். முதலாளியின் கார் தினமும் காலையில் அந்த முக்கில்தான் திரும்பும்.

சாவு வீட்டில் வைத்து கம்பெனி மேனேஜர் அத்தனை பேர் முன்னாலும் மூன்று லட்சம் தருவதாக வாயால் சொல்லியிருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. அன்றைக்கு ஐம்பதாயிரம் கையில் கொடுத்தார்கள். மிச்சத்துக்கு சீசன் முடியட்டும் என்றார்கள். பேனர் நின்றவரைக்கும் மேனேஜர் வந்துகொண்டுதான் இருந்தார். ஆர்டர் கொடுக்க வடநாட்டு வியாபாரிகள் வருகிற நேரம், அதைக் கழற்றச் சொல்லும்மா என்பார். "பணத்தக் குடுங்க சார், நானே ஏறிக் கழட்டிருதேன்" என்பாள் அவள். அவளுக்கு வக்கீல் கிடையாது, சங்கம் கிடையாது. அந்த பேனர் மட்டும்தான் இருந்தது.

திடீரென்று எங்கள் தெருவுக்கு பேனர் விதி தேவைப்பட்டது அப்போதுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. பேச்சு நல்ல காரியத்தில் ஆரம்பித்தது. கல்யாணத்துக்கு மூன்று நாள், சடங்குக்கு மூன்று நாள் என்று வாத்தியார் நம்பர் போட்டு எழுதினார். "கட்சி பேனருக்கு இந்த ரூல்ஸ் கெடையாதுல்ல?" என்றார் வட்டச் செயலாளர்.

"எந்தக் கட்சின்னு எழுதட்டும்?" என்று வாத்தியார் பேனாவைத் தூக்கினார்.

"எந்தக் கட்சி ஆளுதோ அந்தக் கட்சின்னு எழுதுங்க சார், ஒவ்வொரு தடவையும் மாத்த வேண்டாம்" என்றார் டீக்கடைக்காரர். எல்லாரும் சிரித்தோம். நானும்தான்.

அப்புறம் துக்கத்துக்கு வந்தார்கள். மாடி வீட்டு அக்கா சொன்னதைத் தப்பென்று சொல்ல முடியாது. "எம் புள்ள ஜன்னலத் தொறந்தா எதுக்க அந்த மூஞ்சிதான். ராத்திரி பாத்ரூமுக்குக்கூட எந்திரிக்க மாட்டேங்கான்." அண்ணாச்சி தலையை ஆட்டினார். "செத்தவுகள ரொம்ப நாளு முக்குல நிக்க வைக்கப்படாது. துக்கத்துக்கு ஒரு நாள் போதும். என்ன சொல்லுதீக?"

முத்துலட்சுமி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பேசினாள். "அண்ணாச்சி, இம்புட்டு நாளு விட்டுட்டீக. இன்னும் ஒரு மாசம் விடுங்க."

"பணம் கம்பெனி விசயம்மா. இது தெரு விசயம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத."

"இந்தத் தெருமுக்குல திரும்புத காருதான அண்ணாச்சி கம்பெனிக்குப் போகுது?"

அந்தக் கம்பெனிக்கு வெடி சுற்றுகிற பேப்பர் போவது அண்ணாச்சி ஸ்டோரிலிருந்துதான் என்பது தெருவுக்கே தெரியும். அவர் என் பக்கம் திரும்பினார்.

"நீ சொல்லுலே, ஒன் தொழிலுதான. ஆமா, ஒங் கடை போர்டு ரோட்டுப் பக்கம் எம்புட்டு நீட்டிக்கிட்டு நிக்கி? ரெண்டடி இருக்குமா?"

"ஒன்றரை அண்ணாச்சி" என்றேன். யாராவது அளந்து பதில் சொல்வார்களா? நான் சொன்னேன்.

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. சும்மா கேட்டேன்."

கை தூக்கச் சொன்னார்கள். அண்ணாச்சி, வாத்தியார், அக்கா. டீக்கடைக்காரர் தூக்கவில்லை. மருந்துக்கடைத் தம்பி தரையைப் பார்த்தான். வட்டச் செயலாளர்கூடத் தொழிலாளி ஓட்டை நினைத்துக் கையைக் கட்டிக்கொண்டார். மூன்றுக்கு மூன்று. என் கடை போர்டு, அதற்குக் கட்டாத வரி, முனிசிபாலிட்டி ஜீப், பூட்டின ஷட்டர் என்று வரிசையாகக் கண்ணில் ஓடியது. நாலாவது கை என்னுடையது.

கழற்றுகிற வேலையும் எனக்குத்தான் வந்தது. ஏணி என்னிடம்தானே இருந்தது. அன்று மத்தியானமே ஏறினேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றது முத்துலட்சுமி. நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை.

"நீங்களுமாண்ணே கையத் தூக்குனீக?"

"ஏணி ஆடுது, நல்லாப் பிடி" என்றேன்.

கயிற்றை அறுத்து இறக்கியதும் வழக்கம்போல நாலாக மடிக்கப் போனேன். "மூஞ்சி மடியாமச் சுருட்டுங்கண்ணே" என்றாள். சுருட்டிக் கொடுத்தேன். கொடுக்கும்போது, நல்ல ஃப்ளெக்ஸ்தான், வெயிலில் மங்காது என்று வேறு சொன்னேன். எந்த நேரத்தில் எதைச் சொல்வது என்று தெரியாத வாய் எனக்கு.

மறுநாள் கார் வழக்கம்போல முக்கில் திரும்பிப் போனது. மேனேஜர் அதற்குப் பிறகு வரவில்லை. தீபாவளிக்கு ஓர் ஆள் மட்டும் வந்தான். ஒரு கவரில் பத்தாயிரம், ஒரு ஸ்வீட் பாக்கெட், ஒரு பட்டாசு கிஃப்ட் பாக்ஸ். வேலையாட்களுக்குக் கொடுக்கிற அதே பாக்ஸ். அவள் அதைத் திறக்காமல் வாசலில் வைத்துவிட்டாள். தெருப் பிள்ளைகள் எடுத்து வெடித்துத் தீர்த்தார்கள்.

தை பிறப்பதற்குள் வீட்டைக் காலி செய்துகொண்டு ஆமத்தூருக்கு, அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். அவள் குடியிருந்த லைன் வீடுகளை இடித்து இரண்டு மாடி எழுப்பிவிட்டார்கள். இப்போது டீக்கடை இல்லை. வாத்தியார் இல்லை. விதி எழுதின நோட்டு எங்கே என்று யாருக்கும் தெரியாது. சங்கம் அதற்குப் பிறகு கூடவே இல்லை, கூட வேண்டிய வேலை முடிந்துவிட்டது போல. துக்க பேனர் மட்டும் எங்கள் முக்கில் இன்றுவரை யாரும் கட்டியதில்லை. அந்த ஒரு விதியைத் தெரு காப்பாற்றி வருகிறது.

போன மாதம் பஸ் ஸ்டாண்டில் முத்துலட்சுமியைப் பார்த்தேன். ஆமத்தூர்ப் பக்கம் வேறொரு கம்பெனியில் வெடி சுற்றப் போகிறாளாம். விரல் நுனியெல்லாம் வெடிமருந்தின் வெள்ளிப் பொடி. "சாப்பிட்டீகளாண்ணே?" என்று அவள்தான் முதலில் கேட்டாள். எனக்கு இதைத் தவிர வேறெதையும் கேட்கத் தோன்றவில்லை: "மிச்சத்தக் குடுத்தாகளா?"

"எங்கண்ணே" என்று சொல்லிவிட்டு பஸ்ஸில் ஏறிக்கொண்டாள்.

இரண்டு லட்சத்து நாற்பதாயிரம்.