போர்வைக்குள் மறைந்த மூச்சு

நிமோனியாவால் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருந்த என் மூன்று வயது மகள் யாழினியை, தேறிவிட்டாள் என்று பொது வார்டுக்கு மாற்றினார்கள். "சில குழந்தைங்க மறுபடியும் உள்ள வர வேண்டியிருக்கும்மா. மூச்சைக் கவனிச்சுக்கிட்டே இருங்க," என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

மாரண்டஹள்ளியிலிருந்து வந்த என் நாத்தனார், குளிர் படக்கூடாதென்று அவளுக்குக் கம்பளிச் சட்டையும் குல்லாயும் போட்டுக் கழுத்துவரை போர்த்திவிட்டார். குழந்தை அசையாமல் உறங்கியது எங்களுக்கு நிம்மதியாக இருந்தது.

மாலையில் செவிலியர் வந்து போர்வையை விலக்கச் சொன்னார்.

"இப்பத்தான் கண்ணசந்துச்சுங்க. தொறந்தா சளி திரும்ப ஏறிக்கும். அப்பறமா வாங்க," என்றார் நாத்தனார்.

"தூங்குதா, தொவண்டு கெடக்குதான்னு பாக்கணுங்க்கா. நெஞ்ச மூடி வெச்சா எனக்கு என்ன தெரியும்?"

நானே பொத்தான்களைக் கழற்றினேன். ஒவ்வொரு மூச்சுக்கும் விலா எலும்புகளுக்கு இடையே தோல் குழிந்து உள்ளே போனது. பெயர் சொல்லி அழைத்தேன். அவள் கண் திறக்கவில்லை. செவிலியர் குரல் கொடுக்க, மருத்துவர் ஓடி வந்தார். முகத்தில் ஆக்சிஜன் வைத்தபடியே அவளை மீண்டும் தீவிர சிகிச்சைப் பிரிவுக்குக் கொண்டுபோனார்கள்.

"நல்லதுக்குத்தான அண்ணி செஞ்சேன்," என்று நாத்தனார் அழுதார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மாலைவரை நானும் குழந்தையின் பக்கத்திலேயேதான் அமர்ந்திருந்தேன்.

யாழினி பிழைத்து வீடு திரும்பினாள். சளி பிடித்தால் இப்போதும் போர்த்துகிறேன். ஆனால் அவள் உறங்கியதும் சட்டையை விலக்கி, நெஞ்சு ஏறி இறங்குவதைப் பார்க்கிறேன். சில நாள் விழித்துக்கொண்டு, என்னைத் திட்டி அழுகிறாள். அந்த அழுகை எனக்குச் சலிப்பதே இல்லை.