நாலாவது பெடல்

அந்தக் காரில் நான்கு பெடல்கள் இருந்தன. கிளட்ச், பிரேக், ஆக்சிலரேட்டர் மூன்றும் எல்லா வண்டியிலும் உள்ளவை. நான்காவது, டாஷ்போர்டுக்கு அடியில் ஒளிந்தாற்போல் இருந்த ஒரு சின்ன இரும்பு நாக்கு. அதை யாரும் கண்டுகொள்ளவில்லை. பதினோரு வயதில் நான் கண்டுகொண்டேன்.

கார் எங்களுடையது அல்ல. எங்கள் ஊர் கணபதியில் அப்பா வைத்திருந்த பட்டறைக்கு மில்லுக்கார அம்மா ஒருவர் லாரியில் ஏற்றி அனுப்பிய இங்கிலாந்துக் கார் அது. அவர் கல்யாணமாகி வந்தபோதே அந்த வீட்டில் நின்ற வண்டி. நாற்பது வருடங்கள் பின்சீட்டில் உட்கார்ந்தே போனவர், கணவர் காலமான பிறகு, எழுபது வயதில், டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்து லைசென்ஸ் எடுத்திருந்தார். மகன் புது வண்டி வாங்கித் தருவதாகச் சொல்லியும் கேட்கவில்லை. இந்த வண்டியை ஆனைமலை மாசாணியம்மன் கோயில்வரை தானே ஓட்டிக்கொண்டு போகவேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

அப்பாவுக்கு மோட்டார் பம்பு வேலைதான் முக்கியம். என்றாலும் பழைய வண்டி ஒன்று பட்டறைக்கு வந்துவிட்டால் சாப்பாடு மறந்துபோகும். இந்தக் கார் அவரைத் திணறடித்தது. எங்கள் ஸ்பேனர் ஒன்றுகூட அதன் நட்டுகளுக்குப் பொருந்தவில்லை. கடைசியில் முன்சீட்டுக்கு அடியில் ஒரு தட்டை இழுத்தால், அந்த வண்டிக்கென்றே செய்த ஸ்பேனர்கள் அவரவர் படுக்கையில் தூங்குவதுபோல வெட்டிவைத்த குழிகளில் கிடந்தன. டாஷ்போர்டு முழுக்க வால்நட் மரம். ஒரே பலகையை இரண்டாகச் சீவி, புத்தகத்தை விரித்தாற்போல் ஒட்டியிருந்ததால், இடப்பக்கத்து மர ரேகை வலப்பக்கத்தில் அப்படியே திரும்பி ஓடியது. அப்பா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, செய்தவனுக்கு அவசரமே இருந்திருக்காது என்றார். என்ஜினை ஓட விட்டால், ஓடுகிறதா இல்லையா என்று கையை வைத்துத்தான் பார்க்கவேண்டியிருந்தது.

வண்டியோடு தடித்த கையேடு ஒன்றும் வந்தது. முழுக்க ஆங்கிலம். அப்பா அதை மஞ்சப்பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து அடுப்படியில் வைத்துவிடுவார். அம்மா மெக்கானிக்கல் டிப்ளமோ படித்தவள். கல்யாணத்துக்குப் பிறகு அந்தச் சான்றிதழ் பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் இருந்தது. குக்கர் விசிலுக்கு நடுவே படித்து, என் பழைய கணக்கு நோட்டின் பின்பக்கங்களில் தமிழில் படம்போட்டு எழுதிக் கொடுப்பாள். அப்பா காலையில் நோட்டை எடுத்துக்கொண்டு போவார். ஆயுதபூஜைக்குத் தவிர அம்மா பட்டறைக்குள் கால் வைத்து நான் பார்த்ததில்லை. யாரும் வராதே என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை.

எல்லாம் சரியாகி வந்தது, ஸ்டியரிங்கைத் தவிர. அதைத் திருப்ப அப்பாவே இரண்டு கையாலும் தொங்கவேண்டியிருந்தது. மில்லுக்கார அம்மா ஒருநாள் வந்து முயன்று பார்த்தார். அவருடைய மெலிந்த கைகள் நடுங்கினவே ஒழிய சக்கரம் அசையவில்லை. பழைய ஸ்டியரிங் தண்டை அறுத்துவிட்டு, உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும் வேன் ஒன்றின் பவர் ஸ்டியரிங்கைப் பொருத்திவிடலாம் என்று அப்பா யோசனை சொன்னார். அந்த அம்மா டாஷ்போர்டின் மரத்தையே கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, வேறு வழியில்லையென்றால் அறுத்துவிடுங்கள் என்றார். திங்கட்கிழமை அறுப்பதாக முடிவாகியது.

அதற்கு முந்தைய சனிக்கிழமை மதியம் அப்பாவுக்குச் சாப்பாடு எடுத்துக்கொண்டு போனேன். அப்பா உக்கடத்துக்குப் போயிருந்தார். வேலை செய்யும் அண்ணன்கள் இருவரும் டீக்கடையில் இருந்தார்கள். தூக்குப்போசியை மேசைமேல் வைத்துவிட்டுக் காரின் கதவைத் திறந்தேன். உள்ளே ஏறிச் சாத்தினால் சத்தமே இல்லை. தலையணையைத் தலையணைமேல் போட்டதுபோல ஒரு ‘தொப்’, அவ்வளவுதான். வெளியே லேத் பட்டறைகளின் இரைச்சல் அடங்கிப்போயிற்று.

என் காலுக்கு எட்டியது அந்த நான்காவது பெடல் மட்டும்தான். சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி, ஸ்டியரிங்கின் கீழ்வளையத்தைப் பிடித்துக்கொண்டு அதை ஒரு மிதி மிதித்தேன். கீழே போனது. மற்றப் பெடல்கள்போல விருட்டென்று எழும்பவில்லை. சோம்பல் முறித்துக்கொண்டு, பெருமூச்சு விடுவதுபோல மெதுவாக மேலே வந்தது. எனக்குப் பிடித்துப்போய்விட்டது. ஆனைமலைக்குக் கிளம்பிவிட்டேன். ஈச்சனாரிக்கு நாலு மிதி, ஒத்தக்கால்மண்டபத்துக்கு நாலு மிதி, கிணத்துக்கடவில் ஆடு குறுக்கே வந்ததால் கூடுதலாக இரண்டு. பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் கூட்டம் அதிகம், அங்கே பத்துக்குக் குறையாது. கோயிலுக்குப் போய்ச் சேர்ந்து இறங்கியபோது என் செருப்பு வழுக்கியது.

காருக்கு அடியிலிருந்து எண்ணெய் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு இடத்தில் அல்ல, பல இடங்களில். முன்னால் ஒரு குட்டை, பின்னால் இரண்டு. சிமென்ட் தரையில் அது கறுத்துப் பரவியதைப் பார்த்ததும், எழுபது வயது அம்மாவின் காரை நான் கொன்றுவிட்டேன் என்றே தோன்றியது. வீட்டுக்கு ஓடினேன்.

அம்மா நைட்டிமேல் துண்டைப் போட்டுக்கொண்டு வெங்காயம் அரிந்துகொண்டிருந்தாள். நான் அழுதுகொண்டே சொன்னதைக் கேட்டு அவள் திட்டவில்லை. அரிவாள்மணையை மடக்கிவைத்தாள்.

“எந்தச் சக்கரத்துக்கிட்டச் சொட்டுச்சு? எல்லாத்துலயுமா?”

எனக்குத் தெரியவில்லை. அவள் அடுப்பை அணைத்தாள். கையேட்டை எடுத்துக்கொண்டு, போட்டிருந்த நைட்டியோடேயே, துண்டோடேயே, இரண்டு தெரு தாண்டிப் பட்டறைக்கு நடந்தாள். நான் பின்னாலேயே ஓடினேன். அங்கே ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்துத் தரையில் விரித்து, மல்லாந்து படுத்து, காருக்கு அடியில் நகர்ந்து போய்விட்டாள். டார்ச்சை எடுத்துக் கொடுத்தது நான்தான்.

அந்தநேரம் பார்த்து அப்பா வந்து சேர்ந்தார். கூடவே மில்லுக்கார அம்மாவும், அறுப்பதற்குமுன் வண்டியை ஒருதடவை பார்த்துவிட்டுப் போக. அவர்கள் கண்டது தரையெல்லாம் எண்ணெயும், இங்கிலாந்துக் காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த மெட்டி போட்ட இரண்டு கால்களும்.

அப்பா குனிந்து தரையைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, யார் இப்படிச் செய்தது என்று கேட்டார். கேட்டது என்னைப் பார்த்துத்தான். நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“நாந்தானுங்க அமுக்குனேன்,” என்றது காருக்கு அடியிலிருந்து அம்மாவின் குரல்.

அவள் வெளியே வந்தாள். கன்னத்திலும் நைட்டியிலும் எண்ணெய். மில்லுக்கார அம்மாவைப் பார்த்ததும் துண்டைச் சரிசெய்துகொண்டாள். ஆனால் பேச்சு தடுமாறவில்லை. அந்தப் பெடலை ஒருமுறை மிதித்தால், சிறு தொட்டியிலிருந்து எண்ணெய் கிளம்பி, ஈர்க்குச்சி அளவுக் குழாய்கள் வழியாகச் சக்கரங்களின் மூட்டுகளுக்கெல்லாம் தானாகப் போய்விடும், வண்டியிலிருந்து இறங்கவே வேண்டாம், அப்படித்தான் அதை அமைத்திருக்கிறார்கள் என்று சொன்னாள். நூறு மைலுக்கு ஒருமுறை மிதிக்கவேண்டும் என்று நோட்டில் அவள் எழுதித்தான் இருந்தாள். பட்டறைக்குள் நிற்கிற வண்டிக்கு நூறு மைல் எங்கே வரப்போகிறது என்று அப்பா தொட்டியில் எண்ணெயை மட்டும் நிரப்பிவிட்டு அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தார்.

“இக்கட்டப் பாருங்க, வலது சக்கரத்துல சொட்டுது. பின்னாடியும் சொட்டுது. அக்கட்ட எடதுல ஒரு பொட்டுகூட இல்லீங்க. ஸ்டியரிங்கு கெட்டுப்போகலீங்க. அந்த மூட்டு எத்தன வருசமா எண்ணெயில்லாம வறண்டு கெடக்குதோ. அறுக்க வேண்டாங்க.”

அப்பா கையிலிருந்த உக்கடத்துச் சாமான் மூட்டையைக் கீழே வைத்தார். டீக்கடையிலிருந்து திரும்பியிருந்த அண்ணனிடம், இடது சக்கரத்துக்கு ஜாக்கி போடச் சொன்னார். பிறகு அவரும் தரையில் படுத்தார். அம்மா டார்ச் பிடித்தாள். குழாய் ஒரு சாண் தூரத்துக்கு நசுங்கி, அப்பளம்போல் தட்டையாகிக் கிடந்தது. எந்தக் காலத்திலோ யாரோ அதன்மேலேயே ஜாக்கி போட்டுத் தூக்கியிருக்கிறார்கள்.

ஃபிரிட்ஜ் ரிப்பேர் கடையிலிருந்து அதே பருமனுக்குச் செப்புக்குழாய் வாங்கிவந்தார்கள். அப்பா வளைத்துப் பொருத்தினார். அம்மா அடியிலேயே இருந்தாள். மில்லுக்கார அம்மாவுக்கு நாற்காலி போட்டும் உட்காராமல் குனிந்து குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாம் முடிந்ததும் அம்மா கீழேயிருந்து, “ஏறி அமுக்கு சாமி,” என்றாள்.

நான் ஏறினேன். எந்தப் பெடல் என்று கேட்காமலே, சீட்டிலிருந்து சறுக்கி இறங்கி, வளையத்தைப் பிடித்துக்கொண்டு மிதித்தேன். திறந்திருந்த கதவு வழியே அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவின் கால்களைப் பார்த்தார். துடைத்துக்கொண்டிருந்த கையை இன்னும் கொஞ்சநேரம் துடைத்தார்.

இடது பக்கத்தில் முதல் சொட்டு விழுந்ததை அம்மாதான் சொன்னாள்.

துரு இளகி எண்ணெய் ஊற நாலு நாளாயிற்று. ஐந்தாம் நாள் மில்லுக்கார அம்மா பட்டறை வாசலிலிருந்து தெருமுனைவரை மெல்ல ஓட்டி, அங்கே திருப்பி, மறுபடி வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார். அடுத்த வெள்ளிக்கிழமை ஆனைமலைக்குக் கிளம்பியபோது, வழியில் ஏதாவது ஆனால் பார்க்க ஆள் வேண்டும் என்று அப்பா வெள்ளைச்சட்டை போட்டுக்கொண்டு தயாராக நின்றார்.

“தம்பி இருக்கட்டுங்க. அம்மிணி வரட்டும்,” என்றார் மில்லுக்கார அம்மா, அப்பாவிடம்.

அப்பா முன்கதவைத் திறந்து பிடித்துக்கொள்ள, அம்மா ஏறினாள். பின்சீட்டின் மடக்கு மேசையை விரித்துவைத்து நான் முறுக்கு தின்றுகொண்டே போனேன். பொள்ளாச்சி தாண்டித் தென்னந்தோப்புகளுக்கு நடுவே கார் போகும்போது முன்னால் இரண்டு பெண்களும் பேசிய பேச்சில் பாதி எனக்குப் புரியவில்லை. கியர், எண்ணெய், வளைவு என்று என்னென்னவோ. நடுநடுவே சிரிப்பு.

அதற்கடுத்த திங்கட்கிழமை காலை அப்பா மஞ்சப்பையை எடுத்தபோது அம்மாவும் செருப்பை மாட்டினாள். அதன்பிறகு என் பள்ளிக்கூடச் சாப்பாடு பெரும்பாலும் தக்காளிச் சாதமாகவே இருந்தது. பட்டறைப் பெயர்ப்பலகையில் ஒரு பெயர் கூடியதற்கு இன்னும் மூன்று வருடங்கள் பிடித்தன.

எனக்கு அடி விழாமல் காப்பாற்றத்தான் அம்மா அன்று பொய் சொன்னாள் என்று ரொம்பக் காலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை கிடைத்த வருடம் அதை அவளிடமே சொல்லி நெகிழ்ந்தேன். அவள் சிரித்துவிட்டாள்.

“உங்கப்பா உன்னைய என்னைக்குக் கண்ணு அடிச்சிருக்காரு?”

உண்மைதான். ஒருநாளும் அடித்ததில்லை.

அந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், கைகழுவ அவள் புழக்கடைக் குழாயடிக்குப் போனாள். நான் சோப்பை நீட்டிக்கொண்டு நின்றேன். அவள் வாங்கவில்லை. முழங்கைவரை எண்ணெய் படிந்த இரண்டு கைகளையும் முகத்தருகே கொண்டுபோய், கண்ணை மூடி நெடுநேரம் முகர்ந்தாள். நாற்றம் சகிக்கவில்லைபோல என்று நினைத்து, சீக்கிரம் கழுவம்மா என்று அவசரப்படுத்தினேன்.