கொசுவலையில் போட்ட தையல்

என் கையெழுத்து கோணலாக இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வாயால் சொல்லலாம் என்றால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது.

இருபத்திரண்டு வருடம் ஆரி வேலை செய்தேன். ப்ளவுஸ் துணியை மரச் சட்டத்தில் இழுத்துக் கட்டி, கொக்கி ஊசியால் நூலும் ஜரிகையும் மணியும் வைத்துப் பூ வேலை செய்வது. முகப்பேரில் ஒரு தையல் கடைக்குச் செய்தேன். ஆரம்பத்தில் கடைக்கார அம்மா, "அண்ணே, உங்களுக்குத் தோணறதப் போடுங்க" என்று துணியைக் கொடுப்பார். பிறகு போனில் படம் வர ஆரம்பித்தது. அச்சு அசலாக அதே மாதிரி வேண்டும். கடைசியில் பெண்ணும் மாப்பிள்ளையும் பல்லக்கில் போகிற மாதிரி முதுகில் போடச் சொன்னார்கள். யாரென்றே தெரியாதவர்களின் மூக்கையும் முழியையும் நூலில் கொண்டுவர வேண்டும். ஒரு மாப்பிள்ளையின் மீசையை மூன்று முறை பிரித்தேன். "இன்னும் கொஞ்சம் மெல்லிசா" என்று மறுபடி வந்தது. அன்றைக்கு ஊசியைக் கீழே வைத்தவன்தான், மறுபடி தொடவில்லை. கடையில் சொல்லக்கூட இல்லை. போன் வந்தால் எடுக்கவில்லை. செம்பரம்பாக்கம் பக்கம் ஒரு குடோனில் அட்டைப்பெட்டி ஒட்டப் போய்விட்டேன்.

மூன்று வருடம் கழித்து என் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானது. தை மாதம். அரக்கு நிறப் பட்டுத் துணியை என் முன்னால் வைத்தாள்.

"நைனா, ஊர்ல கீற பொண்ணுங்களுக்கெல்லாம் போட்டே. எனுக்கு நீதான் போடணும்."

சரி என்றேன். பீரோவுக்குப் பின்னாலிருந்து சட்டத்தை எடுத்துத் துடைத்தேன். வரைய உட்கார்ந்தால் மயில் வந்தது. கிழித்தேன். மாங்காய் வந்தது. அதையும் கிழித்தேன். எல்லாம் யாரோ அனுப்பிய படங்கள். அவள் கேட்கும்போதெல்லாம் நாளைக்கு, நாளைக்கு என்றேன். ஒருநாள், "சும்மா கேட்டுகினே கீற, மனுசன் முதுகு ஒடியுது" என்று கத்திவிட்டேன். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. கேட்காதது இன்னும் குத்தியது.

அந்தச் சமயத்தில்தான் கொசுவலை கிழிந்தது. பூந்தமல்லியில் எங்கள் தெருச் சாக்கடை எப்போதும் திறந்தே கிடக்கும். வலை இல்லாமல் படுக்க முடியாது. "இதையாவது தெச்சுக் குடுய்யா, கொசு நம்பள தூக்கினு போயிடும் போல கீது" என்றாள் மனைவி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தேன். இழுத்துக் கட்டினால்தான் என் கைக்கு வேலை ஓடும் என்பதால் வலையையும் சட்டத்தில் கட்டினேன். டப்பாவில் யாரும் கேட்காமல் மிஞ்சிய நூல்கள் இருந்தன. ஒன்று கடுகு நிறம், ஒன்று செங்கல் நிறம். கிழிசலின் இரண்டு ஓரத்தையும் சேர்த்தேன். வலையில் குத்த வேண்டிய அவசியமே இல்லை. ஊசி ஓட்டைக்குள் தானாக இறங்கி நூலைக் கவ்விக்கொண்டு மேலே வந்தது. கிழிசல் முடிந்த பிறகும் கை நிற்கவில்லை. வளைந்தது, திரும்பியது, ஒரு கிளை விட்டது. என்ன போடுகிறேன் என்று எனக்கே தெரியாது. மனைவி காபி வைத்துவிட்டுப் போனதைக்கூடப் பார்க்கவில்லை.

"யோவ், கிழிசல் ஒரு சாண். நீ இன்னாய்யா ஒரு முழத்துக்குத் தோரணம் கட்டிக்கினு கீற? கொசுவுக்கா கண்ணாலம்?"

சிரித்துவிட்டேன். ஊசியைப் பிடித்துக்கொண்டு நான் சிரித்துப் பல வருடம் ஆகிறது. உடனே பெண்ணைக் கூப்பிட்டு ப்ளவுஸ் துணியை எடுத்துவரச் சொன்னேன்.

அவள் கதவருகிலேயே நின்றாள். "துணி இல்ல நைனா. வியாழக்கெழமயே குடுத்துட்டேன். உன் பழைய கடையிலதான்."

எனக்கு வந்த ஆத்திரம் அவள் மேல் இல்லை. என் மேல்தான்.

மறுநாள் குடோனுக்கு லீவு சொல்லிவிட்டு முகப்பேர் போனேன். போன் எடுக்காமல் ஒளிந்தவன் எந்த முகத்தோடு உள்ளே போவது? கடையைத் தாண்டித் தாண்டி நடந்தேன். கடைக்கார அம்மாவே பார்த்துவிட்டார்.

"இன்னா அண்ணே, ரோட்ட அளக்கறீங்களா? உள்ள வாங்க."

பெண்ணின் துணி என்று மட்டும் சொன்னேன். எடுத்து விரித்தார். மயிலின் கழுத்தும் பாதித் தோகையும் போட்டு முடித்திருந்தார்கள்.

"நல்லாத்தான வந்துகீது? வுட்டுடுங்களேன்."

"இல்லம்மா, குடுங்க" என்றேன். துணியை வாங்கி மடித்துக்கொண்டு கிளம்பினேன்.

ஆரித் தையலில் நுனி கிடைத்தால் போதும், இழுக்க இழுக்க ஓடி வந்துவிடும். வீட்டில் மயிலைக் கால் மணி நேரத்தில் பிரித்துவிட்டேன். ஆனால் பட்டில் ஊசி போன ஓட்டைகள் போகவில்லை. நகத்தால் தேய்த்துப் பார்த்தேன். இஸ்திரி போட்டுப் பார்த்தேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் மயில் அப்படியே நிற்கிறது. அவள் கேட்ட அன்றே நான் உட்கார்ந்திருந்தால் இந்தத் துணி இப்படி ஆகியிருக்காது.

ஆகவே கை போன போக்கில் போட முடியவில்லை. வலையில் வந்தது போன்ற கொடிதான், ஆனால் ஓட்டைகளை மூடுகிற வழியில்தான் அது போக வேண்டும். ஒரு வாரமாக குடோனிலிருந்து வந்ததும் சட்டத்தின் முன்னால் உட்காருகிறேன். இரண்டு இடத்தில் பிரித்துப் போட்டேன். கண் எரிகிறது. ஆனாலும் சாயங்காலம் பஸ்ஸில் வரும்போது அடுத்த வளைவை எங்கே திருப்பலாம் என்றே நினைத்துக்கொண்டு வருகிறேன்.

இன்று பெண் வந்து குனிந்து பார்த்தாள். "இது இன்னா நைனா, பூவா எலையா?"

"தெரில. முடிச்சாத்தான் தெரியும்."

"கண்ணாலத்துக்குள்ள தெரிஞ்சுடுமா?" என்று கேட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து மணிகளை நிறம் பிரித்துக் கொடுத்தாள்.

மயிலின் கழுத்து மறைந்துவிட்டது. தோகை முழுக்க பாக்கி.

டிசம்பர் 7, ஞாயிற்றுக்கிழமை.