படகு திரும்பிய பிறகு ஒரு கூட்டம்

மீன் விற்கும் கன்னியம்மா போன் செய்தபோது நான் தியாகராய நகரில், நான் வேலை பார்க்கும் ஜவுளிக் கடையின் மாடியில், முகூர்த்தப் புடவை எடுக்க வந்த ஒரு பெருங்குடும்பத்துக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றிருந்தேன். "அண்ணே, நம்ம நர்ஸம்மா பூட்டாங்கண்ணே" என்றார். எந்த நர்ஸம்மா என்று நான் கேட்கவில்லை. நமக்கு ஒரே நர்ஸம்மாதான். "டூட்டி முடிச்சிக்கினு வந்து காபி போட்டாங்களாம். குடிக்கக்கூட இல்லியாம். நெஞ்ச புடிச்சிக்கினு உக்காந்தவங்கதான்" என்று சொல்லிக் கன்னியம்மா விசும்பினார். பின்னால் மீன் மார்க்கெட்டின் கூச்சல் கேட்டுக்கொண்டிருந்தது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. அதற்கு முந்தின வாரம்கூட நாங்கள் போனில் ஒரு சண்டை போட்டோம். பள்ளி ஆண்டு விழாவுக்குப் பந்தல் தேவையா, இல்லையா என்று. பாதியில் அவர், "வார்டுல கூப்பிடறாங்க சார், மீதியை அப்புறம் வெச்சுக்கலாம்" என்று வைத்துவிட்டார். மீதியை இனி நான் யாரிடம் போய்ப் போடுவது? இப்படியா பாதியில் விட்டுப் போவார்கள்?

பிலோமினாவை உங்களில் பலருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். பெசன்ட் நகரில் மாதா கோயில் மணி கேட்கும் தூரத்தில் அவர் வீடு. அரசு மருத்துவமனையில் நர்ஸ். அவருடைய மகனும் என் மகளும் கடற்கரையை ஒட்டிய நம் பள்ளியில் ஒரே வகுப்பில் படித்தவர்கள்; பையன் படித்து முடித்த பிறகும் அவர் பெற்றோர் குழுவை விட்டுப் போகவில்லை. அதைத் தவிர எங்களுக்குள் பொதுவாக ஒன்றும் கிடையாது. அவர் சரி என்றால் நான் தப்பு என்பேன். நான் வேண்டும் என்றால் அவர் வேண்டாம் என்பார். அப்படிப்பட்ட ஒருவருக்கு அஞ்சலி எழுத என்னைக் கேட்டிருக்கிறார்கள். கேட்டவர்களுக்கு விவரம் தெரிந்துதான் இருக்கிறது.

கொரோனாக் காலத்தில் ஆரம்பித்த சண்டை இது. பள்ளி மூடிப் பல மாதங்கள் ஆகியிருந்தன. பெரிய வகுப்புகளை மட்டும் திறக்கலாமா என்று பெற்றோரைக் கேட்க, நம் தலைமையாசிரியை சிஸ்டர் ஆன்லைனில் கூட்டம் வைத்தார். காலை பத்து மணி. திறந்தே ஆக வேண்டும் என்ற கட்சி நான். எங்களுடையது ஒற்றை அறையும் சமையலறையும் உள்ள வீடு. என் மகள் போனைத் தூக்கிக்கொண்டு மொட்டைமாடிப் படிக்கட்டில் உட்கார்ந்து அல்ஜீப்ரா படித்தாள். கீழ்வீட்டில் மிக்ஸி ஓடினால் பாடம் போச்சு. நாளாக ஆக அவள் பேசுவதே குறைந்து, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டினாள்.

அடையாறில் அடுக்கு மாடிக் குடியிருப்பில் இருக்கும் ரகுநாதன் சார் எதிர்க்கட்சி. "எங்காத்துல அப்பாவுக்கு எண்பது வயசு. கொழந்தை ஸ்கூல்லேர்ந்து வாங்கிண்டு வந்து அவர்கிட்ட குடுத்தா நான் என்ன பண்றது, சொல்லுங்கோ" என்றார். நான் அவரைவிடச் சத்தமாகக் கத்தினேன்.

அப்போதுதான் பிலோமினாவின் முகம் திரையில் வந்தது. மருத்துவமனை மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார். முகக்கவசம் அழுத்திய தடம் மூக்கின் மேல் சிவந்து கிடந்தது. "வெங்கடேசன் சார், என் பையனுக்கு வீசிங் இருக்கு. அதை விடுங்க. மூச்சுக்குத் தவிக்கிறதுன்னா இன்னான்னு நான் தெனம் பார்க்கறேன். நீங்க ஒரு தடவை பார்த்தா உங்க பொண்ணை வாசப்படி தாண்ட விடமாட்டீங்க" என்றார். அவ்வளவுதான், கூட்டமே அவர் பக்கம் சாய்ந்தது. வேண்டாம் என்று திரையில் கைகள் உயர்ந்தன. எங்கள் கட்சி படுதோல்வி.

ஆத்திரத்தில் நான் பெற்றோர் வாட்ஸாப் குழுவை விட்டு வெளியேறினேன். போனைக் கீழே வைப்பதற்குள் பிலோமினா என்னை மறுபடியும் சேர்த்துவிட்டார். கூடவே ஒரு குரல் பதிவு: "சண்டைன்னா உள்ள இருந்து போடுங்க சார். வெளிய போய் நின்னா அது சண்டை இல்ல, கோபம்." என்ன திமிர் இந்தம்மாவுக்கு என்று என் மனைவியிடம் பொரிந்து தள்ளினேன். ஆனால் மறுபடி வெளியேறவில்லை.

மறுநாள் மதியம் அவரே என்னைக் கூப்பிட்டார். ஜெயித்ததைச் சொல்லிக் காட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்து எடுத்தேன். "சார், நேத்து நான் ஜெயிக்கல" என்றார். எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. டூட்டி முடிந்து வரும் வழியில் கன்னியம்மாவிடம் மீன் வாங்கப் போயிருக்கிறார். அங்கே கன்னியம்மாவின் மகள் ஷர்மிளா, நம் பிள்ளைகளின் வகுப்புத் தோழி, அரிவாள்மணை முன்னால் உட்கார்ந்து சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்திருக்கிறாள். ஆன்லைன் வகுப்புக்கு அவள் வருவதே இல்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. நேற்று கூட்டத்துக்கு ஏன் வரவில்லை என்று பிலோமினா கேட்க, கன்னியம்மா சொன்ன பதிலை எனக்கு அப்படியே ஒப்பித்தார்: "இன்னா மீட்டிங்கு நர்ஸம்மா? ஊட்ல கீறது ஒரு போனு. அத்த அவரு கடலுக்கு எடுத்துக்கினு பூட்டாரு. பத்து மணிக்கு எங்க குப்பத்துல யாரு கையில போனு கீது?"

யோசித்துப் பாருங்கள். போன் இல்லாததால் எந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பு நின்றுபோனதோ, அதே பிள்ளைகளின் பெற்றோரைப் போன் வழியாகவே கூட்டம் போட்டுக் கேட்டிருக்கிறோம். அதுவும் படகுகள் கடலில் இருக்கும் நேரத்தில். நம் பள்ளியில் பாதிப் பிள்ளைகள் குப்பத்துப் பிள்ளைகள். அவர்களில் ஒருவருடைய அப்பா அம்மாகூட அன்று திரையில் இல்லை என்பதை நாம் யாரும் கவனிக்கவில்லை. திறக்க வேண்டும் என்று தொண்டை கிழியக் கத்திய நானும் கவனிக்கவில்லை.

பிலோமினா சும்மா விடவில்லை. சிஸ்டரிடம் போய் நின்றார். "கை தூக்கினவங்களை எண்ணிட்டோம் சிஸ்டர். கையே தெரியாதவங்களை யாரு எண்ணுறது?" என்று கேட்டார். கூட்டம் கூட்டக் கூடாதே என்று சிஸ்டர் தயங்கினார். கடற்கரை மணலில் தள்ளித் தள்ளி நிற்க வைப்பது என் பொறுப்பு என்றார் இவர். விஷயம் தெரிந்ததும் ரகுநாதன் சார் கொதித்துப்போனார். "மேடம், நீங்க யார் பக்கம்?" என்று குழுவில் கேட்டார். "நான் வேண்டாம் பக்கம்தான் சார், இன்னிக்கும் நாளைக்கும். ஆனா ஆளு வராததால கெடச்ச ஜெயம் எனக்கு வேணாம்" என்று பதில் வந்தது.

அந்த வாரமே, படகுகள் திரும்பி மீனெல்லாம் விற்றான பிறகு, ஏலம் போடும் திடலில் கூட்டம். அடையாறுக்காரர்களும் வந்தார்கள். ரகுநாதன் சார்கூட இரண்டு முகக்கவசம் போட்டுக்கொண்டு, ஒரு கட்டுமரத்துக்கு அந்தப் பக்கமாக நின்றார். திறக்க வேண்டும் என்று பேச வேண்டியது நான். வேண்டாம் என்று பேச வேண்டியது அவர். நான் என்ன நினைத்தேன் என்றால், இவ்வளவு பாடுபட்டுக் கூட்டியவர், குப்பத்து ஜனங்களுக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுத்துப் பேசுவார் என்று. ஐயோ! ஆக்சிஜன் குழாயைப் பற்றி, வார்டில் படுக்கைக்குக் காத்திருந்தவர்களைப் பற்றி, ஒரே அறையில் ஏழெட்டுப் பேர் படுக்கும் வீட்டுக்குள் காய்ச்சல் நுழைந்தால் என்ன ஆகும் என்பதைப் பற்றி அவர் பேசப் பேச, என் மகளை அனுப்பத்தான் வேண்டுமா என்று எனக்கே சந்தேகம் வந்தது. ஓரமாகப் போய், "மேடம், இவ்ளோ நல்லா ஏன் பேசறீங்க?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். "அரைகுறையாப் பேசினா அது ஏமாத்து சார். பயத்தைப் பூராவும் கேட்டுட்டு அப்புறம் சொல்லட்டும்" என்றார்.

கடைசியில் கன்னியம்மா எழுந்தார். "நர்ஸம்மா சொல்றது பயமாத்தான் கீது. பொய் சொல்ல மாட்டேன். ஆனா என் பொண்ணு அரிவாமணையாண்ட உக்காந்துட்டா. கையும் நல்லா ஓடுது. ஊருல அதுக்குள்ள மாப்ள பேச வந்துட்டாங்க. இன்னும் ஆறு மாசம் இப்டியே போச்சுன்னா அவ எழுந்திரிக்க மாட்டா. நோவு வந்தா ஆஸ்பத்திரி கீது, நீங்க கீறீங்க. இதுக்கு எந்த ஆஸ்பத்திரிக்குப் போறது?" என்றார். ஷர்மிளா அம்மாவின் பின்னால் மணலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிலோமினா அவளைக் கூப்பிட்டு, "நீ சொல்லும்மா" என்றார். "எனக்கு ஸ்கூலுக்குப் போணும்" என்று அவள் சொன்னது காற்றில் பாதிதான் கேட்டது. அது போதுமானதாக இருந்தது. திறக்கலாம் என்று முடிவாயிற்று.

தான் கூட்டிய கூட்டத்தில் தானே தோற்றார் பிலோமினா. மணலைத் தட்டிவிட்டு எழுந்தவர், "சரி, தோத்தாச்சு. இனி வேலையைப் பார்ப்போம். எந்தெந்த ஜன்னல் திறக்கல?" என்று கேட்டார். நம் வகுப்பறைகளில் கடல் பக்க ஜன்னல்கள் உப்புக் காற்றில் துருப்பிடித்து, வருடக்கணக்கில் அடைத்தே கிடந்தன. தேங்காய் எண்ணெயும் சுத்தியலுமாக ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்த கையோடு, அவரே வந்து நின்றார். குப்பத்து ஆட்கள் வந்தார்கள். நான் போனேன். ரகுநாதன் சார் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார், திரும்பிப் போனார், பிறகு ஒரு ஸ்க்ரூ டிரைவரோடு வந்தார். கடைசி ஜன்னல் பெயர்ந்து திறந்தபோது அறைக்குள் வந்த கடற்காற்றில் பழைய சார்ட்டுகள் எல்லாம் சுவரிலிருந்து பறந்தன. பிலோமினா கை தட்டிச் சிரித்தார்.

பள்ளி திறந்த பிறகு, டூட்டிக்குப் போகும் முன் தினமும் வாசலில் காய்ச்சல் பார்க்கும் கருவியோடு நின்றார். தன் மகனை மட்டும் அவர் அனுப்பவில்லை. அவனுக்கு மூச்சிழுப்பு அடங்கவில்லை. "பையனே வரல, உங்களுக்கு இன்னா மேடம் இவ்ளோ பாடு?" என்று கேட்டேன். "அவன் வர்ற அன்னிக்கு இந்த ஜன்னலெல்லாம் திறந்திருக்கணும்ல?" என்றார். அடுத்த வகுப்புக்குப் போன பிறகுதான் அவன் வந்தான். ஜன்னல்கள் திறந்தே இருந்தன.

நடுவில் இரண்டு பிள்ளைகளுக்குக் காய்ச்சல் கண்டு, பள்ளியை மறுபடி மூட வேண்டி வந்தது. என் முகத்தில் ஈயாடவில்லை. நான் சொன்னேன் பார் என்று பிலோமினா சொல்லியிருக்கலாம், அதற்கு உரிமை உள்ள ஒரே ஆள் அவர். சொல்லவில்லை. "மூடணும் சிஸ்டர், மூடித்தான் ஆகணும். ஆனா எப்போ திறக்கறோம்னு தேதி போட்டுட்டு மூடுங்க. தேதி இல்லாம பூட்டக் கூடாது" என்றார். அந்தத் தேதி எழுதிய அட்டையைப் பள்ளிக் கதவில் அவரே கட்டினார். அதே தேதியில் கதவு திறந்தது. முதல் ஆளாக வந்து நின்றவள் ஷர்மிளா.

இந்தக் கதைக்கு ஷர்மிளா நர்ஸாகியிருந்தால் பொருத்தமாக இருந்திருக்கும். அவளுக்கு ஊசியைப் பார்த்தாலே மயக்கம் வரும். பி.காம். முடித்துவிட்டு சைதாப்பேட்டையில் ஓர் ஆடிட்டரிடம் வேலை பார்க்கிறாள். அடக்கத்தன்று கோயில் வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை பேச்சை எடுக்க வீட்டில் இப்போதும் யாருக்கும் தைரியம் இல்லை என்று கன்னியம்மா அந்தத் துக்கத்திலும் என்னிடம் பெருமையாகச் சொன்னார்.

போன வாரம் பள்ளியிலிருந்து குழுவுக்கு ஓர் அறிவிப்பு வந்தது. என் இரண்டாமவன் இப்போது அங்கே படிக்கிறான், ரகுநாதன் சாரின் மூத்த மகள் வயிற்றுப் பேத்தியும். மழை நாட்களில் வகுப்புகளை ஆன்லைனில் நடத்தலாமா என்று பெற்றோரைக் கேட்கிறார்கள். சனிக்கிழமை காலை பத்து மணி, ஆன்லைனில். படித்ததும் எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் அடிக்க ஆரம்பித்தேன். அடித்து முடிப்பதற்குள் ரகுநாதன் சார் முந்திக்கொண்டார்: "பத்து மணி வேண்டாம். அப்போ படகெல்லாம் கடல்ல இருக்கும். திரும்பி வந்தப்புறம் திடல்ல வெச்சுக்கலாம். நான் ஆன்லைன் வேணும்னு பேசப்போறேன். வேண்டாம்னு பேசறதுக்கு வெங்கடேசன் வரணும்." கடையில் துணி மூட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்து, வாடிக்கையாளர் பார்க்கிறார்களே என்றுகூட இல்லாமல் அழுதேன். கன்னியம்மா போன் செய்த அன்று வராத அழுகை அது.

பிலோமினாவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இவ்வளவுதான்: யார் வரவில்லை என்று முதலில் பார்ப்பது, எதிராளி பேசுவதைப் பூராவும் கேட்பது, தோற்றால் சுத்தியலை எடுப்பது. பந்தல் சண்டையின் மீதியையும் வைத்திருக்கிறேன். பந்தல் வேண்டும் என்றுதான் இப்போதும் சொல்கிறேன், மேடம்.

கூட்டம் சனிக்கிழமை, படகுகள் திரும்பிய பிறகு. கடைசியாக ஒன்று. இறந்தவர் எண் எதற்கு, குழுவிலிருந்து எடுத்துவிடலாமே என்று ஒருவர் நல்லெண்ணத்தில் கேட்டிருக்கிறார். எடுத்துப் பாருங்கள். போனைக் கீழே வைப்பதற்குள் நான் அவரை மறுபடியும் சேர்த்துவிடுவேன்.