சீப்புக்கு ஒரு ஓட்டு

பம்ப் செட் மெக்கானிக்கின் தலையில் மருந்துக்குக்கூட ஒரு முடி கிடையாது. ஆனால் ஊரில் அவருக்குப் பெயர் 'சீப்பு'. எல்லாம் தேர்தல் செய்த வேலை. அந்த ஊர் சாவிச் சின்னத்தின் கோட்டை. மில் முதலாளி கண்ணைக் காட்டினால் போதும், நானூறு ஓட்டும் ஒரே பக்கம் சாயும். சீப்புச் சின்னத்துக்கு விழுவது ஒன்றே ஒன்று. இருபது வருஷமாக அதே ஒன்று. அது யாருடையது என்று கண்டுபிடிக்கப் போலீஸா வரணும்? மனுஷர் தானே சொல்லிக்கொண்டு திரிவாரே!

சீப்புக் கட்சிமேல் அவருக்குப் பெரிய காதல் ஒன்றும் இல்லை. முதல்முறை ஓட்டுப் போடப் போனபோது முதலாளி தோளில் கைபோட்டு, "எதுக்குப் போடணும்னு நான் சொல்றேன் தம்பி" என்றார். அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது பிடிவாதம்.

"வழுக்கைக்கு எதுக்குய்யா சீப்பு?" என்பார் சலூன்காரர்.

"முடி இல்லைன்னா என்ன? முதுகெலும்பு இருக்கே!" என்று ஸ்பேனரை ஆட்டுவார் மெக்கானிக்.

முதலாளிக்கு அந்த ஒரு ஓட்டு கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்திக்கொண்டே இருந்தது. இந்தத் தேர்தலுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பில் நின்று சவால் விட்டார்: "இந்தத் தடவை சீப்புக்கு சைபர்! ஊர் முழுக்க ஒரே கட்டுன்னு போர்டே வைக்கப்போறேன், பாருங்க!"

ஓட்டுப்போடும் நாள் காலையில், முப்பது கிலோமீட்டர் தள்ளியிருந்த முதலாளியின் தோட்டத்திலிருந்து ஆள் வந்தது. மோட்டார் ஓடவில்லையாம், கன்றுக்குட்டிகள் தண்ணீரில்லாமல் தவிக்கின்றனவாம். நம்ம ஆளுக்கு மனசு கேட்குமா? "பத்து நிமிஷ வேலை, வந்துடறேன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

அங்கே மூன்று ஃபியூஸ் கட்டையையும் காணோம். "எலி தூக்கிட்டுப் போயிருக்கும்" என்றான் காவல்காரன், வாய் கூசாமல். டவுனுக்குப் போய்ப் புதுசு வாங்கி மாட்டித் தண்ணீர் கொட்டியபோது மணி மூன்று. வெளியே வந்தால் பைக்கில் இரண்டு சக்கரத்திலும் காற்றில்லை. அப்போதுதான் உறைத்தது. பைக்கை அங்கேயே போட்டுவிட்டு ஓடினார், ஒரு லாரியில் தொற்றினார், மறுபடி ஓடினார். பள்ளிக்கூட வாசலை அடைந்தபோது கேட்டைச் சாத்தி ஏழு நிமிஷம் ஆகியிருந்தது.

"சார், ஒரே ஒரு ஓட்டு சார்!"

அதிகாரி உதட்டைப் பிதுக்கினார். மெக்கானிக் வாசல்படியில் உட்கார்ந்து அழுதே விட்டார்.

மூன்றாம் நாள் பள்ளிக்கூடச் சுவரில் கணக்கை ஒட்டினார்கள். முதலாளி பெயின்டரைக் கையோடு கூட்டி வந்திருந்தார். சலூன்காரர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு வாசித்தார்.

"நம்ம ஊர்ல சாவி, இருநூத்தி எண்பத்தாறு. சீப்பு..." தொண்டையைச் செருமினார். "நூத்தி முப்பத்தொன்னு!"

முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. அதற்குக் கீழேயே இன்னொரு வரி: தொகுதியில் சீப்பு ஒன்பது ஓட்டில் ஜெயித்திருந்தது!

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. "எப்படிய்யா இது?"

சலூன்காரர் நெளிந்தார். "உன் வீட்டுக்காரம்மா வரிசையில நின்னு, உன்னை வேணும்னே அனுப்பிட்டாங்கன்னு ஒரே கூப்பாடு. பாவம், உன் ஒத்தை ஓட்டு வீணாப் போகக்கூடாதேன்னு உனக்குப் பதிலா நான் சீப்புக்குப் போட்டுட்டேன். நான் ஒருத்தன்தான்னு நினைச்சேன்!"

"ஐயையோ, நானும் அப்படித்தான் அண்ணே நினைச்சேன்!" என்றாள் பால்காரம்மா. கூட்டத்தில் ஆளாளுக்கு "நானும்தான்", "நானும்தான்" என்று கிளம்பினார்கள். முதலாளியின் டிரைவர் மட்டும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். "நீயுமா?"

"பின்னே?"

"அப்போ இத்தனை வருஷமா ஒண்ணுதானே விழுந்துச்சு? நீ எதுக்குடி போட்டே?"

"அதெல்லாம் ரகசியம்!" என்று அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரித்தாள். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது.

ஒன்றும் புரியாத பெயின்டர், டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்: "போர்டுல என்னதான் எழுதறது?"

மெக்கானிக் இடது கை ஆள்காட்டி விரலைத் தூக்கினார். அந்தக் கூட்டத்தில் ஓட்டு மை படாத ஆள்காட்டி விரல் அது ஒன்றுதான்.

"நூத்தி முப்பத்திரண்டுன்னு எழுதுய்யா" என்றார். "என்னுதையும் சேர்த்து!"