கலக்கிப் பார்க்கும் கமலவேணி அக்கா

சந்தையில் இரண்டு கூறு தக்காளியைக் காட்டி, "இது அதைவிட நயமுங்க" என்று கடைக்காரர் சொன்னால், கமலவேணி அக்கா இரண்டையும் ஒன்றாகக் கலந்துவிடுவார். "இப்ப நயமானதப் பிரிச்சுக் குடுங்க பாக்கலாம்" என்பார். "ஏனுங்க அக்கா, ஊட்டுல வேலை இல்லீங்களா?" என்று முணுமுணுத்துக்கொண்டே கடைக்காரர் பொறுக்குவார். கடைசியில் அக்கா இரண்டு கூறையும் வாங்கிக்கொள்வார். பல வருடமாகப் பார்க்கிறேன், இது மாறவில்லை.

அவருக்கு வேலையே அதுதான். நாமக்கல்லில் ஒரு மசாலாப் பொடிக் கம்பெனியில், புதுச் சரக்கு யாருக்குப் பிடிக்கிறது, யாருக்குப் பிடிக்கவில்லை என்று கணக்குப் பார்க்கிறார். இரண்டு கூட்டத்துக்கு நடுவே தெரிகிற வித்தியாசம் நிஜமா, தற்செயலா என்பதுதான் எப்போதும் அவர் கேள்வி. இரண்டாம் பந்திக்கு ரசம் தண்ணீராகிவிடுகிறது என்று யாரோ சொன்னதற்காக, ஒரு கல்யாணத்தில் இரண்டு பந்தியிலும் உட்கார்ந்து சாப்பிட்டவர்.

நானும் தமிழ்ச்செல்வியும் வீடு வீடாகப் பொட்டலம் கொடுத்து அபிப்பிராயம் கேட்டு வருகிறவர்கள். நான் எட்டாவதோடு நின்றவள். பேச வராது. வாசலிலேயே கொடுத்துவிட்டு, சமைத்துப் பார்த்த பிறகு போய்க் கேட்பேன். தமிழ்ச்செல்வி அடுப்படி வரைக்கும் போய் உறவாகிவிடுவாள்.

போன வருடம் புதுக் குழம்புப் பொடி வந்தது. தமிழ்ச்செல்வி போன முப்பது வீட்டில் நாலு பேருக்குத்தான் பிடிக்கவில்லை. என் முப்பதில் பதினைந்து பேருக்கு. முதலாளி மயில்சாமி, நான் நிற்பதைப் பார்க்காதவர் போல அக்காவிடம் சொன்னார். "அந்தப் புள்ள மரத்தடியில உக்காந்து எழுதிட்டு வந்துருக்குது. நிறுத்திருங்க அம்மிணி."

நிறுத்தினால் எனக்கு மறுபடி கோழிப்பண்ணைதான். அந்தத் தூசியில்தான் எனக்கு இளைப்பு வந்தது.

அக்கா கம்ப்யூட்டரில் ஏற்கெனவே கணக்குப் போட்டிருந்தார். முதலாளிக்காக ஒரு போசிப் பாத்திரத்தில் வீட்டுக்கு ஒன்றாக அறுபது அவரைக்காய் விதைகளைக் கொட்டினார். பிடித்த வீட்டுக்கு வெள்ளை, பிடிக்காத வீட்டுக்குச் சிவப்பு. "கண்ண மூடிட்டுப் பாதிய எண்ணி எடுங்கண்ணா." எடுத்தார். எடுத்ததிலும் போசியில் மீந்ததிலும் சிவப்பு ஏறக்குறைய சமமாக இருந்தது. மறுபடி மறுபடி கலக்கி எடுத்தும், எங்கள் இருவருக்கும் இருந்த அளவு வித்தியாசம் ஒருமுறையும் வரவில்லை.

"தற்செயல் இல்லீன்னு ஆயிருச்சு. அப்பப் பொய்தான?" என்றார் முதலாளி.

"சும்மா இப்படி வர்றது அரிதுன்னு மட்டுந்தானுங்க இது சொல்லும். எதனாலன்னு சொல்லாதுங்க. அத நடந்துதான் பாக்கோணும்."

அக்கா என்னைத் தமிழ்ச்செல்வியின் தெருக்களுக்கும் அவளை என் தெருக்களுக்கும் மாற்றி, அங்கே இதுவரை போகாத வீடுகளுக்கு அனுப்பினார். அங்கேயும் என் கணக்கில்தான் பிடிக்காதவர்கள் அதிகம். அக்காவுக்கு முகம் தெளிந்தது. "அப்பத் தெருவுல ஒண்ணுமில்ல. உங்க ரெண்டு பேருகிட்டதான் இருக்குது. வா சாமி, நானும் வாரேன்."

புதுச்சத்திரத்தில் ஒரு வீட்டில் தமிழ்ச்செல்வி காப்பி குடித்துவிட்டுப் பொடியைப் பற்றிக் கேட்டாள். "நல்லாருக்குதுங்க" என்றார் அந்த வீட்டுக்காரம்மா. மறுநாள் அக்கா என்னை அதே வாசலில் நிற்கவைத்துவிட்டு, ஸ்கூட்டியைத் துடைப்பதுபோல ஓரமாக நின்றார். அந்த அம்மா குரலைத் தாழ்த்தினார். "வெறும் மல்லி வாசந்தான் வருது கண்ணு. நேத்து வந்த புள்ளகிட்டச் சொல்லிராத. ஊடு தேடி வந்து உக்காந்தவகிட்ட எப்படி நல்லால்லைங்கறது?"

அக்கா சொல்லக் கேட்டதும் தமிழ்ச்செல்வி சிரித்துவிட்டாள். "அப்ப நான் காப்பி குடிச்சதுதான் குத்தமுங்களா?" முதலாளி சிரிக்கவில்லை. வீட்டில் அந்தப் பொடியில் குழம்பு வைக்கச் சொல்லிச் சாப்பிட்டுவிட்டு வந்து, மல்லியைக் குறைக்கச் சொன்னார்.

என்னை நம்புவதாக அக்கா ஒருமுறையும் சொன்னதில்லை. எனக்காகத் தெருத்தெருவாக வெயிலில் நடந்தார். நினைத்தால் இப்போதும் நெஞ்சு நிறைகிறது.

இப்போது தமிழ்ச்செல்வியும் பொட்டலத்தை வாசலிலேயே கொடுத்துவிடுகிறாள். காப்பி, பதில் வாங்கிய பிறகுதான். நான் இதே வேலையில் இருக்கிறேன். சாயங்காலம் பதில் எழுதிய எங்கள் சீட்டுகளைக் கொண்டுபோய் வைத்தால், எது யாருடையது என்று பார்க்காமல் அக்கா எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துக் கலக்கிவிடுகிறார்.